நான்கு குரல், வாத்தியம் இல்லை: கிறிஸ்துமஸுக்கு எந்த வகைப் பாட்டை எடுப்பது?

நவம்பர் பிறந்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நாங்கள் நாலு பேர், சபை கொயரில் பாடிப் பழக்கம் உண்டு, இந்த வருஷம் கீபோர்டு, கித்தார் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் பாட ஆசை, எதை எடுப்பது? கேட்பவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு வீடியோவையும் சேர்த்து அனுப்புவார்கள். அதைத் திறந்து பார்த்தால் பாடுவது நாலு பேராக இருக்காது. கிங்ஸ் சிங்கர்ஸ் ஆறு பேர், பென்டடானிக்ஸ் ஐந்து பேர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி கொயர் சுமார் 30 பேர். அவர்கள் பாடுவதை அப்படியே நால்வர் எடுத்துச் செய்ய முடியாது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலு பாகம் என்றால் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண் குரல்கள்). நால்வர் பாடும்போது ஒரு பாகத்துக்கு ஒரே ஆள். கொயரில் பக்கத்தில் நிற்பவரின் குரலைப் பிடித்துக்கொண்டு போகலாம், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஒரு ஸ்வரம் தவறினால் யாருக்கும் தெரியாது. நால்வரில் ஆல்ட்டோ அரை விநாடி நிறுத்தினால் ஆல்ட்டோவே இல்லை. எதைத் தேர்வு செய்வது என்ற கேள்வி முழுக்க இதைச் சுற்றித்தான் இருக்கிறது, அதனால் கீழே ஒவ்வொரு வகையையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

உங்கள் நாலு குரல். ஆளுக்கொரு தாளில், வலியில்லாமல் தொடக்கூடிய மிகக் கீழ் ஸ்வரத்தையும் மேல் ஸ்வரத்தையும் எழுதுங்கள். எல்லோரும் மேல் ஸ்வரத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், குழுவின் கதியைத் தீர்மானிப்பது கீழ் ஸ்வரம். நம் சபைகளில் பேஸ் என்று நிற்பவர்களில் பலர் உண்மையில் பாரிடோன் (டெனருக்கும் பேஸுக்கும் நடுவான ஆண் குரல்), கீழ் ஜி வரைக்கும் போவார்கள், ஆனால் அங்கே சத்தம் இருக்காது. கொயரில் நாலைந்து பேர் சேர்ந்து அதைச் சமாளித்துவிடுவார்கள். தனியாக நிற்கும்போது அடித்தளமே கேட்காமல் போகும், மேலே இருக்கும் மூவரும் சுருதி இறங்க ஆரம்பிப்பார்கள்.

பாடும் இடம். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய ஆலயத்தில் மெதுவான பாட்டு தானாக நிறைந்து நிற்கும். டிசம்பர் இரவில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது தெருவில் பைக், நாய், பட்டாசு, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் உண்டு, எதிரொலி கிடையாது. அங்கே தாளம் உள்ள பாட்டுதான் எடுபடும்.

படிக்கும் முறை. நால்வரும் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் முறை) படிப்பீர்களா, சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதும் முறை) படிப்பீர்களா, கேட்டுப் பாடுபவர்களா? நெல்லை, குமரி பக்கச் சபைகளில் சோல்ஃபா படித்து வளர்ந்த நல்ல பாடகர்கள் நிறைய. இது பெரிய பலம், ஏனென்றால் சோல்ஃபாவில் சுருதியை அரை ஸ்வரம் ஏற்றுவதும் இறக்குவதும் ஒரு வேலையே இல்லை. ஆனால் இன்று கடையிலும் இணையத்திலும் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டாஃப். யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதி மாற்ற வேண்டும், அந்த உழைப்பையும் கணக்கில் வையுங்கள்.

கையில் இருக்கும் நாள், பிறகு பணமும் பதிப்புரிமையும். கடைசியாக, யாருமே யோசிக்காத ஒன்று: டிசம்பர் பனியில் நால்வரில் ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் மீதி மூவரால் எதையாவது பாட முடியுமா?

பாமாலைப் பாட்டை நாலு பார்ட்டில் பாடுவது

பெரும்பாலானோருக்கு என் பதில் இதுதான்: சபையில் எல்லோரும் பாடும் பாமாலைப் புத்தகத்துப் பாட்டு. இதை எளிய வழி என்று தள்ளிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். 'பக்தரே வாரும்', 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' போன்றவற்றின் நாலு பாகமும் உங்களுக்கு ஏற்கெனவே பாதி மனப்பாடம். வார்த்தை தமிழில், கேட்பவர்களுக்கும் தெரிந்த பாட்டு, ராகங்கள் (அதாவது மெட்டுகள்) உரிமைக்காலம் தாண்டியவை. 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' பாட்டின் ராகம் மெண்டல்சோன் 1840இல் எழுதியது, 1855இல் கம்மிங்ஸ் என்பவர் அதைச் சார்லஸ் வெஸ்லியின் பாடலோடு பொருத்தினார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒரு ரூபாய் செலவில்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு சலிப்பு. சபையார் பாடுவதற்காக எழுதப்பட்ட இசையமைப்பு இது. நாலு சரணத்துக்கும் அதே ஸ்வரம், அதே கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). முந்நூறு பேர் ஆர்கனோடு பாடும்போது அந்தச் சத்தமே போதும். நால்வர் அதையே நாலு தடவை பாடினால் மூன்றாவது சரணத்தில் கேட்பவர் போனை எடுத்துவிடுவார். ஆகவே சரணத்துக்குச் சரணம் எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். முதல் சரணம் ஒருவர் மட்டும், இரண்டாவது நாலு பாகம், மூன்றாவதில் டெனரோ ஆல்ட்டோவோ ராகத்தை எடுத்துக்கொண்டு மற்ற மூவரும் வாயை மூடி 'ம்' என்று கார்ட்டைப் பிடிப்பது, கடைசியில் முழுக் குரலில் நால்வரும். இதற்குப் புதிதாக ஒரு நோட்டும் எழுத வேண்டாம், இரண்டு மாலை பிராக்டிஸில் வந்துவிடும்.

சுருதியையும் உங்கள் வசதிக்கு வையுங்கள். புத்தகத்தில் இருக்கும் சுருதி சபையாரின் தொண்டைக்காக வைத்தது. சோப்ரானோவும் பேஸும் இரண்டு பேருமே நிம்மதியாக இருக்கும் இடத்தைத் தேடி அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் நகர்த்துங்கள்.

எளிது என்று நம்பி எடுக்கும் இரண்டு பாட்டுகளைப் பற்றி எச்சரிக்கை. 'சைலன்ட் நைட்' 1818 டிசம்பர் 24 அன்று சால்ஸ்பர்க் அருகே ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில் முதலில் பாடப்பட்டபோது வார்த்தை எழுதிய மோரும் ராகம் அமைத்த க்ரூபரும் இருவராக, கித்தாரை வைத்துக்கொண்டு பாடினார்கள். கார்ட் என்னவோ மூன்றுதான். ஆனால் ராகம் நடு சட்ஜத்திலிருந்து மேல் ஸ்தாயி மத்யமம் வரை விரிகிறது, அந்த உச்சியை மிக மெதுவாகத் தொட வேண்டும், அதுவும் தனி ஒரு சோப்ரானோ. நல்ல குரல் இருந்தால் இதைப்போல் வேறில்லை, இல்லையென்றால் சுருதியை இறக்குங்கள், இறக்கினால் கடைசி வரியின் கீழ் சட்ஜம் சோப்ரானோவுக்குக் கேட்காது. இரண்டுக்கும் நடுவே ஓரிடம் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். அப்புறம் 'ஜாய் டு தி வேர்ல்ட்'. முதல் வரியே மேல் சட்ஜத்தில் தொடங்கி ஸ்வரம் விடாமல் கீழ் சட்ஜம் வரை இறங்குகிறது. வாத்தியம் இல்லாமல் இறங்கும் வரிகளில்தான் குழுக்கள் சுருதியை இழக்கின்றன, இந்தப் பாட்டு அங்கேயே ஆரம்பிக்கிறது. படியில் இறங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக, நெருக்கமாக இறங்குவதாக நினைத்துப் பாடச் சொல்லுங்கள்.

கொயருக்கென்று எழுதிய கேரல்கள்

1961இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்' பல கொயர் அலமாரிகளில் உண்டு. ஜாக்ஸும் வில்காக்ஸும் தொகுத்தது. ஆசை வருவது நியாயம். ஆனால் அதில் எது நால்வருக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வில்காக்ஸின் டெஸ்கன்ட் உள்ள சரணங்களில் எல்லோரும் ராகத்தைப் பாட, சோப்ரானோ மேலே பறக்க, கார்ட்டை முழுக்க ஆர்கன்தான் தாங்குகிறது. ஆர்கனை எடுத்துவிட்டால் கீழே ஒன்றுமில்லை. 'இன் தி ப்ளீக் மிட்வின்ட்டர்' பாட்டுக்கு ஹெரால்ட் டார்க் அமைத்ததைக் கொயர்கள் அதிகம் பாடும், அதில் தனிக்குரல் சரணங்களும் ஆர்கனும் உண்டு. அதே பாட்டுக்கு ஹோல்ஸ்ட் 1906இல் எழுதியது எளிய நாலு பாகம், நால்வர் எடுக்க வேண்டியது அதைத்தான். பியர்சாலின் 'இன் டுல்சி ஜூபிலோ' எட்டு பாகத்துக்கு எழுதியது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூச்சுக் கணக்கு இங்கே பெரிய விஷயம். 'டிங் டாங் மெரிலி' பாட்டின் 'குளோரியா' ஒரே எழுத்தில் நீளமாக உருண்டு போகும், கொயரில் ஆள் மாற்றி ஆள் மூச்சு வாங்கி அதை உடையாமல் கொண்டுபோவார்கள். தனி சோப்ரானோவுக்கு எங்கே மூச்சு வாங்குவது என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, மற்ற மூவரும் அந்த இடத்தில் சேர்ந்து வாங்க வேண்டும், அப்போதுதான் அது திட்டமிட்டதாகக் கேட்கும். 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' இன்னும் கடினம். அதன் மூலப் பாட்டு உக்ரைன் இசையமைப்பாளர் லியோன்டோவிச்சின் 'ஷ்செட்ரிக்', 1916இல் கீவ் நகரில் முதலில் பாடப்பட்டது, வாத்தியம் இல்லாத நாலு பாகப் பாட்டாகவே எழுதப்பட்டது, அந்த வகையில் நமக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அந்த நாலு ஸ்வர மணியோசை ஓயவே ஓயாது. வேகம் கூடக் கூட மூச்சு குறையும். மூன்று மாதம் இருந்தால் எடுங்கள், மூன்று வாரத்துக்கு வேண்டாம்.

இந்த வகையில் நான் முதலில் கையில் கொடுப்பது பிரெட்டோரியஸ் 1609இல் நாலு பாகமாக்கிய 'எஸ் இஸ்ட் ஐன் ரோஸ்' பாட்டைத்தான், ஆங்கிலத்தில் 'லோ ஹௌ எ ரோஸ்' என்று பாடுகிறோமே அது. யாரையும் உச்சிக்கும் பாதாளத்துக்கும் இழுக்காது. நால்வருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஆலயத்தில் விளக்கைக் குறைத்துவிட்டுப் பாடினால் சபை அசையாது. தெருவில் பாடினால் யாருக்கும் கேட்காது என்பதும் உண்மை.

செலவு என்று பார்த்தால் பழைய பாட்டுகளுக்கு ஒன்றுமில்லை. 'கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி' என்ற இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதிய இசையமைப்புகளுக்கு ஆளுக்கொரு பிரதி வாங்க வேண்டும், ஒன்றை வாங்கி ஜெராக்ஸ் எடுப்பது சட்டப்படி தவறு. உரிமை விஷயத்தில் இன்னொரு குழப்பம், ராகம் பழையதாக இருந்தாலும் வார்த்தையோ பாகப்பிரிப்போ புதியதாக இருக்கலாம். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை உண்டு. லியோன்டோவிச் 1921இலேயே இறந்துவிட்டார், ஆனால் 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' என்ற ஆங்கில வார்த்தைகளை எழுதிய வில்ஹௌஸ்கி இறந்தது 1978இல், ஆகவே அவை இன்னும் உரிமைக்குள்தான். டிக்கெட் இல்லாமல், அமெச்சூர் குழுவாகச் சபையில் பாடுவதற்கு 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பதிவு செய்து இணையத்தில் போடுவது வேறு கணக்கு. வீடியோ போடும் எண்ணம் இருந்தால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள், பாடி முடித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

பார்பர்ஷாப்

நால்வருக்கென்றே பிறந்த வகை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் வேர்விட்டு வளர்ந்தது, 1938இல் அமெரிக்காவின் டல்சா நகரில் இதற்கென்று ஒரு சங்கம் உருவாகி, இன்றும் நடக்கிறது. பாகங்களின் பெயர் டெனர், லீட், பாரிடோன், பேஸ். ராகம் இருப்பது மேலே அல்ல, இரண்டாவது குரலான லீடிடம். டெனர் அதற்கு மேலே மெல்லிதாக நிற்பார். பாரிடோன் லீடுக்குக் கீழேயும் மேலேயும் தாவி, எந்த ஸ்வரம் மிச்சமோ அதைப் பாடுவார். தனியாகக் கேட்டால் பாரிடோன் பாகம் பாட்டு மாதிரியே இருக்காது, அதனால் உங்களில் காது கூர்மையான ஆளை அங்கே போடுங்கள்.

இதன் அழகு கார்ட் பூட்டிக்கொள்ளும்போது கேட்கும் அந்த ரீங்காரம். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (மேல் க) தானாக எழுமே, நடப்பது அதேதான். கீபோர்டில் அந்த காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளி இருக்கிறது, இயற்கையில் சுமார் 386. பார்பர்ஷாப்காரர்கள் உயிராக நினைக்கும் ஏழாம் ஸ்வரம் கீபோர்டில் 1000 சென்ட், அவர்கள் தேடுவது சுமார் 969. ஆகவே நோட்ஸ் படிக்க மட்டும் கீபோர்டைத் தொடுங்கள், படித்ததும் மூடி வைத்துவிட்டுத் தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு பாடுங்கள். கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கற்றவர் குழுவில் இருந்தால் இந்த இடத்தில் உங்களுக்கு மற்றவர்களைவிட முன்னிலை உண்டு. எந்த வகையைப் பாடினாலும் இது உதவும், ஆனால் பார்பர்ஷாப்பில் இது இல்லாமல் எதுவுமே இல்லை.

மறைந்த செலவுகள் பல. பிராக்டிஸ் நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், ஏனென்றால் நோட்ஸ் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. நால்வரும் ஒரே மாதிரி 'ஆ', ஒரே மாதிரி 'ஓ' சொல்ல வேண்டும், இல்லையென்றால் கார்ட் பூட்டாது. சோல்ஃபாவில் எழுதினால் வரிக்கு வரி ஃபெ, ட, ஸெ என்று அரை ஸ்வரம் ஏறிய, இறங்கிய எழுத்துகள் சேர்ந்துகொண்டு படிப்பவரைக் களைப்பாக்கும். மேல் இரண்டு பாகமும் எழுதப்பட்டதைவிட ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே ஒலிக்க வேண்டும், வரித் தொடக்கத்தில் உள்ள க்ளெஃப் குறியின் அடியில் இருக்கும் சின்ன 8ஐக் கவனிக்காமல் பெண் குரலுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் குழம்பும். அப்புறம், இந்தப் பாணியில் பாட அதிகம் கிடைப்பது 'ஒய்ட் கிறிஸ்துமஸ்' மாதிரியான பனிக்காலப் பாட்டுகள். அதை எழுதிய இர்விங் பெர்லின் இறந்தது 1989இல், இந்தியாவில் இன்னும் உரிமை உண்டு. ஆராதனையில் அதற்கு இடமும் இல்லை. கல்லூரி விழா, அலுவலகக் கிறிஸ்துமஸ், கிளப், கல்யாண வரவேற்பு போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது.

கற்றுக்கொள்ள ஒரு நல்ல வசதி: இந்தப் பாட்டுகளுக்கு லர்னிங் ட்ராக் விலைக்குக் கிடைக்கும், உங்கள் பாகம் ஒரு காதிலும் மற்ற மூன்றும் இன்னொரு காதிலும். நோட்ஸ் படிக்கத் தெரியாத லீட், பேஸ் இருவரும் பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம்.

ஜூபிலி பாணி

நம்மிடம் அதிகம் பேசப்படாத வகை, கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை. அடிமைத்தளையிலிருந்து வெளிவந்த ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களின் ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் 1871இல் நாஷ்வில்லிலிருந்து பாடப் புறப்பட்டார்கள். அவர்கள் படித்த ஃபிஸ்க் கல்லூரியின் நால்வர் குழு 1909இல் இசைத்தட்டுகள் பதிந்தது. 1930களில் வர்ஜீனியாவின் கோல்டன் கேட் குவார்ட்டெட் இந்தப் பாணியை வேகமும் தாளமும் நிறைந்ததாக ஆக்கியது. ஒருவர் கதை சொல்வதுபோல் முன்னே பாடுவார், மூவர் சின்னச் சின்ன வார்த்தைகளைத் தாளத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டே கார்ட்டைப் பிடிப்பார்கள், பேஸ் அடியில் துள்ளுவார். 'கோ டெல் இட் ஆன் தி மௌன்டன்' தெரியுமே, அதை இப்படிப் பாடிப் பாருங்கள், தெருமுனையில் நிற்பவர் கை தட்ட ஆரம்பித்துவிடுவார்.

நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வரும், ஏனென்றால் இது காதால் பிடித்துப் பாடும் மரபு. தெருச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். ஒருவர் இல்லாவிட்டாலும் லீடும் இரண்டு பேரும் சமாளிக்கலாம், மற்ற எந்த வகையிலும் இது இவ்வளவு சுலபமில்லை. ஆனால் எல்லாப் பாரமும் லீடின் தொண்டையில். ஒரு ராத்திரியில் பதினைந்து வீடு என்றால் ஒரே ஆள் தாங்கமாட்டார், இரண்டு பேர் மாறி மாறி லீட் எடுக்கக் கற்றிருக்க வேண்டும். அவர்களுடைய உச்சரிப்பைக் காப்பியடிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரும் துன்பத்தின் நடுவே பிறந்த பாட்டு அது, நம் நாவில் வரும் ஆங்கிலத்திலேயே, நம் மனதோடு பாடினால் போதும்.

பாப் பாணி

வாயால் டிரம்ஸ், ஒருவர் பேஸ், ஒருவர் ராகம், மற்றவர்கள் பின்னணி. ஆசைப்படும் எல்லோருக்கும் ஒரே பதில்: ஐந்தாவது ஆளைத் தேடுங்கள். நால்வரில் ஒருவர் தாளத்துக்கு, ஒருவர் பேஸுக்கு, ஒருவர் ராகத்துக்குப் போனால் கார்ட் பிடிக்க மிச்சம் ஒரே ஒருவர். ஒரு மைக்கும் ஒழுங்கான ஒலியமைப்பும் இல்லாமல் வாய் டிரம்ஸ் மூன்றாவது வரிசையைத் தாண்டாது என்பதால் மைக், மிக்ஸர் வாடகையும் சேரும். தாளத்தை விட்டுவிட்டு ஜாஸ் மாதிரி நெருக்கமான கார்ட்டில் பாட முடியும், மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் என்ற அமெரிக்கக் குழுவில் இருந்தது நாலு பேர்தான், ஆனால் அந்தக் கார்ட்டுகளைப் புதுக் குழு ஒரு சீசனில் பிடிப்பது கஷ்டம்.

கீர்த்தனையை நாலு குரலில்

இது எனக்கு மிகவும் பிடித்த வழி, மிகவும் கெடுக்கப்படும் வழியும் இதுதான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து, அதாவது இருநூறு வருஷமாக, நமக்குச் சொந்தமாகக் கிறிஸ்து பிறப்புக் கீர்த்தனைகள் இருக்கின்றன. கேட்பவர்கள் கண் கலங்குவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். உடனே யாராவது ஒருவர் கீபோர்டில் உட்கார்ந்து ஸ்வரத்துக்கு ஒரு கார்ட் என்று நாலு பாகம் எழுதிவிடுகிறார், கமகம் எல்லாம் போய்விடுகிறது, கீர்த்தனையும் இல்லை, பாமாலையும் இல்லை.

எந்த ராகம் என்று முதலில் பாருங்கள். சங்கராபரணம் சார்ந்த மெட்டு என்றால் மேற்கத்திய மேஜர் ஸ்கேலின் அதே ஏழு ஸ்வரம், நாலு பாகம் இயல்பாக வரும். மாயாமாளவகௌளை மாதிரி என்றால் நிலைமை வேறு. பஞ்சமத்தின் மேல் கார்ட் கட்ட ப, நி, ரி மூன்றும் வேண்டும், அங்கே இருப்பது சுத்த ரிஷபம் (தாழ்ந்த ரி) என்பதால் அந்தக் கார்ட் நொண்டும். மேற்கத்திய இசையில் பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கார்ட்டே அதுதான். எழுதுபவர் ரிஷபத்தை ஏற்றிச் சரிசெய்வார், ராகம் போய்விடும். இந்த மாதிரி மெட்டுக்கு நான் சொல்வது: பேஸ் சட்ஜம், டெனர் பஞ்சமம், இருவரும் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பிடித்து நிற்கட்டும். சரணத்தை ஒருவர் முழுக் கமகத்தோடு பாடட்டும். பல்லவி வரும்போது நால்வரும் ஒரே ஸ்வரத்தில், ஆண் குரலும் பெண் குரலும் ஓர் ஆக்டேவ் இடைவெளியில். அவ்வளவுதான். சுருதி இறங்காது, ஏனென்றால் சுருதியே பாடிக்கொண்டிருக்கிறது. ஆலயத்திலும் எடுபடும், வீட்டு வரவேற்பறையிலும் எடுபடும்.

இதன் செலவு, யாராவது ஒருவர் நன்றாகக் கமகம் பாடுபவராக இருக்க வேண்டும். புத்தகத்தில் பாகப்பிரிப்பு கிடைக்காது, நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டும். அப்படிச் செய்ததை எழுதி வையுங்கள், சோல்ஃபாவிலோ ஸ்வரத்திலோ. நம் சபைகளில் நல்ல அமைப்புகள் பல, செய்தவரோடு போய்விட்டன.

உங்கள் நிலைமைக்கு எது

இரண்டு பெண், இரண்டு ஆண், மூன்று வாரம் மட்டும், ஆலயத்தில் கேரல் சர்வீஸ்: பாமாலை இரண்டு, பிரெட்டோரியஸ் ஒன்று. வேறு எதையும் தொடாதீர்கள்.

நால்வரும் ஆண்கள், நல்ல பேஸ் உண்டு, வீடு வீடாகப் போகிறீர்கள்: ஜூபிலி பாணி, நடுவே ஒரு கீர்த்தனை. பேஸ் இல்லையென்றால் பாமாலையைச் சுருதி ஏற்றி, ராகத்தை மேல் டெனரிடம் கொடுத்துப் பாடலாம், நாலு பாகத்தையும் நெருக்கமாக எழுதித் தர ஒருவர் தேவை.

நால்வரும் பெண்கள்: பாமாலையின் பேஸ் பாகத்தை ஆல்ட்டோ பாட முடியாது, ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றினால் ராகத்தோடு இடித்து கார்ட் தலைகீழாகும், இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டு நல்ல வழி உண்டு. ஒன்று, பெண்களுக்கென்று எழுதிய பார்பர்ஷாப், 1945இலிருந்து ஸ்வீட் அட்லைன்ஸ் என்ற அமைப்பு இதை வளர்த்துவருகிறது. மற்றொன்று இடைக்காலப் பாட்டு. நியூயார்க்கில் 1986இல் ஆரம்பித்த அனானிமஸ் 4 என்ற நான்கு பெண்கள், அடியில் ஆண் குரலே தேவைப்படாத இரண்டு மூன்று பாக இடைக்கால இசையைப் பாடியே பெயர் பெற்றார்கள், கிறிஸ்துமஸுக்கென்றே அவர்களுடைய பதிவு உண்டு. சட்ஜம் பிடித்துப் பாடும் கீர்த்தனை இந்தப் பாட்டுகளின் பக்கத்தில் வைத்தால் அழகாகப் பொருந்தும்.

ஒரே குடும்பத்தின் நால்வர், வயது வித்தியாசம் அதிகம்: பாமாலைதான், ஆனால் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனுக்கு அவன் இந்த மாதம் தொடக்கூடிய ஸ்வரங்களில் ஒரு பாகத்தை மாற்றி எழுதுங்கள். போன வருஷப் பாகத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்த வகையை எடுத்தாலும் பட்டியலில் மூவர் பாடக்கூடிய ஒரு பாட்டை வைத்திருங்கள். நாலு பாகத்தில் ஒன்று குறைந்தால் எது போனாலும் தாங்கும், பேஸும் ராகமும் தவிர. ஆகவே இந்த இரண்டு பாகத்தையும் இரண்டாவதாக ஒருவர் படித்திருக்க வேண்டும், நவம்பரிலேயே. தொடக்கச் சுருதி தரும் பிட்ச் பைப் என்ற சிறு ஊதுகுழல் யார் பையில் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்துவிடுங்கள், போனில் உள்ள ஆப்பை நம்பிப் போனால் முதல் வீட்டு வாசலில் யாராவது அழைத்துக்கொண்டிருப்பார்கள்.